28 லட்சத்துக்கு ரேஞ்ச் ரோவர் வாங்கலாமா?

அவிநாசிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 41. திருப்பூர் பார்ட்டிகளுக்கு ஜாப் ஒர்க்கில் துணி ஓட்டிக் கொடுக்கும் நிட்டிங் யூனிட் நடத்துகிறார். காங்கேயம் பக்கம் அப்பா காலத்துத் தென்னந்தோப்பு இருக்கிறது. தாளவாடியில் பங்காளி ஒருவரோடு சேர்ந்து கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த கார் கன்சல்டிங்காரர் ஒருவர், 2016-ல் டெல்லியில் பதிவான ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் 3.0 டீசல் வண்டியை 28 லட்சத்துக்குப் பேசி வைத்திருக்கிறார். இரண்டு ஓனர் மாறிய வண்டி, மீட்டரில் 78,000 கிலோமீட்டர். 50,000 ரூபாய் அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. சீட்டு எடுத்த பணம் 12 லட்சம் கையில் இருக்கிறது, மீதி கடன்.

“புது ஃபார்ச்சூனரே இதைவிட அதிக விலை. அதைவிடக் குறைந்த காசில் ஒரு கோடி ரூபாய் வண்டி கிடைக்கும்போது ஏன் விடணும்? என் வீட்டில் மட்டும் வேண்டாம் என்கிறாள். ஆர்டர் இல்லாத மாசத்தில் இது ரிப்பேர் ஆகி நின்றால் என்ன பண்ணுவீங்க என்று கேட்கிறாள். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்றேன். நீங்கள் இன்சூரன்ஸ் சர்வேயர் என்பதால் கேட்கிறேன் ஐயா, நான் சொல்வது சரிதானே?” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் ஆசையில் ஒரு தப்பும் இல்லை. கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: சின்ன வயதில் அப்பாவோடு டி.வி.எஸ். 50-ல் நூல் கோன் கட்டிக்கொண்டு போகும்போது, அவிநாசி ரோட்டில் கடந்து போகிற பெரிய வண்டிகளை எண்ணிக்கொண்டே போவீர்கள் என்று. அப்படி வளர்ந்தவர் 20 வருஷம் உழைத்த பிறகு ஒரு நல்ல வண்டியில் ஏற நினைப்பது நியாயம். அதனால் வாங்காதே என்று ஒரு வார்த்தையில் முடிக்க எனக்கு மனசில்லை. ஆனால் நீங்கள் போட்ட கணக்கில் நான்கைந்து இடத்தில் பிசகு இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் பிசகுதான் பெரியது. வண்டியின் விலை ஒரு கோடியிலிருந்து 28 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. அதன் பாகங்களின் விலை இறங்கவில்லை. நீங்கள் மாற்றப் போகும் ஹெட்லைட்டும் டர்போவும் இன்றைக்கும் ஒரு கோடி ரூபாய் வண்டியின் ஹெட்லைட்டும் டர்போவும்தான். ஃபார்ச்சூனரோடு விலையில் ஒப்பிடுகிறீர்கள், சரி. ரிப்பேர் பில்லில் ஒப்பிட வேண்டியது இன்றைக்குப் புதிதாக விற்கும் ரேஞ்ச் ரோவரோடு. முதல் ஓனர்கள் ஏன் இவ்வளவு இறக்கி விற்கிறார்கள் என்பதற்கான பதிலில் பாதி இதுவே.

டீசல் செலவு உங்களைக் கவிழ்க்காது

வண்டி வாங்குகிற எல்லோரும் முதலில் மைலேஜ்தான் கேட்கிறார்கள். நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். வருஷத்துக்கு 18,000 கிலோமீட்டர் ஓட்டுவீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுத்தால் 2,000 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் என்றால் 1,86,000 ரூபாய். இதே தூரத்துக்கு லிட்டருக்கு 11 கிலோமீட்டர் தரும் வண்டியில் 1,52,000 ஆகும். வித்தியாசம் வருஷத்துக்கு 34,000 ரூபாய். உங்கள் யூனிட்டின் கரண்ட் பில்லுக்கு முன்னால் இது ஒரு தொகையே இல்லை.

கவிழ்ப்பது வேறு. இந்த வண்டியில் சாதாரண ஸ்பிரிங் கிடையாது, ஏர் சஸ்பென்ஷன். நான்கு சக்கரத்திலும் ரப்பர் பலூன் மாதிரி ஒரு பெல்லோ, அதற்குக் காற்று நிரப்ப ஒரு கம்ப்ரஸர். பத்து வருஷத்தில் ரப்பர் மடிப்பில் மயிரிழை போல வெடிப்பு விழும். காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஓட்டுபவருக்கு முதலில் ஒன்றும் தெரியாது, கம்ப்ரஸர்தான் ஓயாமல் ஓடி ஈடுகட்டிக்கொண்டிருக்கும். ஆறு மாதம் அப்படி ஓடியபின் அதுவும் எரிந்து போகும். ஒரு பெல்லோவோடு முடிந்திருக்க வேண்டிய வேலை அப்போது இரண்டு பில் ஆகிவிடும்.

அடுத்தது இன்ஜின். இந்த 3.0 வி6 டீசல் குடும்பத்தில் கிராங்க் பேரிங் தேய்ந்து சுழன்று, இன்ஜினுக்குள் சுழலும் முக்கிய அச்சான கிராங்க் ஷாஃப்டே முறிவது, பல நாடுகளில் மெக்கானிக்குகள் நன்றாக அறிந்த கோளாறு. எல்லா வண்டிக்கும் வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்தால் அது ரிப்பேர் இல்லை, இன்ஜினையே மாற்றுகிற வேலை. ஆயிலை நேரத்துக்கு மாற்றிய வண்டிக்கும் இழுத்தடித்து மாற்றிய வண்டிக்கும் இங்கே பெரிய வித்தியாசம் உண்டு. டைமிங் பெல்ட் இன்ஜினின் முன்பக்கம் ஒன்று, டீசல் பம்ப்பை ஓட்டப் பின்பக்கம் இன்னொன்று. இரண்டுக்கும் கிலோமீட்டர் கணக்கோடு வருஷக் கணக்கும் உண்டு. வண்டி ஓடாமலே நின்றிருந்தாலும் பெல்ட்டுக்கு வயதாகும். இந்த வண்டியில் மாற்றியதற்குப் பில் இருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கன்சல்டிங்காரரும் சொல்லியிருக்க மாட்டார்.

கியர் பாக்ஸ் 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். “இதில் ஆயிலே மாற்ற வேண்டாம், ஆயுசுக்கும் ஒரே ஆயில்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த கியர் பாக்ஸைத் தயாரிக்கும் கம்பெனியே 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. அடியில் இருக்கும் தட்டும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் துண்டு, சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். நான்கு டயருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் எடுத்து வையுங்கள். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி என்பதால், பஞ்சர் ஆனதற்காக ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டு மற்ற மூன்றை மொட்டையாக விட்டால், சக்கரங்கள் சுற்றும் வேகம் மாறுபட்டு அந்தச் சுமை, இன்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஏறும்.

இதையெல்லாம் கேட்டு மலைக்க வேண்டாம். ஒரு வேலை செய்யுங்கள். வண்டியின் சேஸிஸ் நம்பரை வாங்கிக்கொண்டு கோயம்புத்தூரில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். முன் பெல்லோ, கம்ப்ரஸர், ஒரு ஹெட்லைட், டர்போ, இரண்டு டைமிங் பெல்ட்டும் மாற்றும் கூலி, இந்த ஐந்துக்கும் எஸ்டிமேட் எழுதி வாங்குங்கள். அப்புறம் இதே பாகங்களுக்கு ஒரு நல்ல தனியார் ஒர்க்‌ஷாப்பில் விலை கேளுங்கள். இரண்டு தாளையும் வீட்டில் மேஜை மேல் வைத்துப் பார்த்தபின் உங்களுக்கே முடிவு வரும்.

இன்சூரன்ஸ் எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது

இது என் தொழில். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மேலே எழுதினேனே, பெல்லோ, கம்ப்ரஸர், கிராங்க், கியர் பாக்ஸ், இதில் எதற்கும் இன்சூரன்ஸ் ஒரு ரூபாய் கொடுக்காது. விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் போன்றவற்றால் வரும் சேதத்துக்குத்தான் பாலிசி. தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் இல்லை. நீங்கள் உங்கள் வீட்டில் சொன்ன பதில் இங்கேதான் தப்பாகிறது.

விபத்து நடந்தாலும் முழுப் பணம் வராது. 5 வயதுக்கு மேல் 10 வயது வரை உள்ள வண்டிக்கு உலோகப் பாகங்களின் விலையில் 40 சதவீதம் கழிக்கப்படும், 10 வயது தாண்டினால் 50 சதவீதம். பிளாஸ்டிக், ரப்பர், ஏர் பேக், டயர், பேட்டரிக்கு எந்த வயதிலும் 50 சதவீதம் கழிவு. இந்தக் கழிவு இல்லாமல் கிடைக்கும் ஜீரோ டெப் பாலிசியை இந்த வயது வண்டிக்குப் பெரும்பாலான கம்பெனிகள் தர மாட்டார்கள். முன் பம்பரும் ஹெட்லைட்டும் உடைந்து பாகத்துக்கு 3 லட்சம் பில் என்றால் 1.5 லட்சம் உங்கள் கையிலிருந்து.

இன்னொரு விஷயம், இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. ரிப்பேர் செலவு, பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேர் செய்யாமல் வண்டியே போனதாகக் கணக்கை முடித்துவிடுவார்கள். பிரீமியம் குறையட்டும் என்று மதிப்பை 20 லட்சமாகப் போட்டால், 15 லட்சம் பில்லிலேயே வண்டி போய்விடும். ஒரு கோடி ரூபாய் வண்டியின் பாகங்களுக்கு 15 லட்சம் பில் வர, வண்டி உருண்டு விழ வேண்டியதில்லை. நான்கைந்து ஏர் பேக் வெடித்து, முன்பக்கம் ரேடியேட்டர் வரை உள்ளே போனால் போதும். நான் சர்வே பார்த்த ஒரு வண்டியில் சேதம் வெளியே அவ்வளவாகத் தெரியவில்லை. ஓனர் பக்கத்திலேயே நின்றிருந்தார், “தட்டி எடுத்தால் சரியாகிடுங்களே” என்றார். எஸ்டிமேட் வந்தபோது அவருக்கு வண்டியும் இல்லை, மீதிக் கடன் மட்டும் இருந்தது. உங்களுக்கு 16 லட்சம் கடன் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

வண்டி வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிட வேண்டும். மூன்றாம் நபர் பொறுப்பு தானாக உங்களுக்கு வந்துவிடும், ஆனால் சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி அப்படி வராது. கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், பழைய ஓனருக்கு 50 சதவீதம் இருந்தால் அது அவரோடு போய்விடும். உங்களுக்குக் காட்டிய பிரீமியம் அந்தத் தள்ளுபடியோடு போட்டதா என்று கேளுங்கள்.

டெல்லி வண்டி ஏன் மலிவு

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் போட்ட உத்தரவால் தலைநகர் பகுதியில் 10 வயது தாண்டிய டீசல் வண்டி ஓட முடியாது என்று ஆனது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிறகு தளர்த்தலும் இறுக்கலும் மாறி மாறி நடந்தன. 9 வயது முடிந்த டீசல் வண்டியை அங்கே பலரும் வைத்திருக்க விரும்புவதில்லை, அதனால் விலை சரிகிறது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஆனால் உங்களுக்குச் சொன்ன 28 லட்சம் என்பது அவிநாசியில் உங்கள் பெயரில் ஓடத் தயாரான வண்டியின் விலை இல்லை.

“வெளி மாநில நம்பரிலேயே 12 மாசம் ஓட்டலாமாம், அதற்குள் பார்த்துக்கொள்ளலாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 12 மாதம், டெல்லியில் வண்டி வைத்திருப்பவர் இங்கே குடிவந்தால் மறுபதிவுக்குக் கொடுக்கும் அவகாசம். நீங்கள் புதிதாக வாங்குபவர். மோட்டார் வாகனச் சட்டப்படி 30 நாளுக்குள் உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்தாக வேண்டும். அதற்கு டெல்லியிலிருந்து என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வேண்டும், பழைய கடன் இருந்தால் பைனான்ஸ் கேன்சலும் வேண்டும். அப்புறம் தமிழ்நாட்டு ஆயுள் வரி. வண்டியின் வயதுக்கேற்ப சதவீதம் குறையும், ஆனால் கணக்குப் போடுவது நீங்கள் கொடுத்த 28 லட்சத்தின் மேல் இல்லை, முதன்முதலில் ஷோரூமில் வாங்கிய பில் தொகையின் மேல். ஒரு கோடி ரூபாய் பில்லுக்கு ஒவ்வொரு சதவீதமும் ஒரு லட்சம். அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாலேயே ஆர்.டி.ஓ. ஆபீஸில் அந்தப் பழைய பில்லைக் காட்டி எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்க வேண்டும். இப்போதாவது கேளுங்கள்.

பெயர் மாற்றாமல், வாங்குபவர் பெயர் எழுதாத பாரத்தில் விற்றவர் போட்டுக் கொடுத்த கையெழுத்தோடு ஓட்டுவது நம் பக்கம் சகஜம். அது உங்களைவிட விற்றவருக்குத்தான் ஆபத்து. விபத்து நடந்தால் ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் நாளைக்கு நீங்கள் கிளெய்ம் கேட்கும்போதோ, விற்கப் போகும்போதோ அதே பேப்பர் உங்கள் கழுத்தையும் பிடிக்கும்.

கம்பெனி பெயரில் வாங்கினால் ஜி.எஸ்.டி. திரும்ப எடுக்கலாம் என்று ஆடிட்டரின் உதவியாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 13 பேர் வரை உட்காரும் பயணிகள் வண்டிக்கு உள்ளீட்டு வரி எடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாடகைக்கு விடுபவர், வண்டி விற்பவர் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. வருமான வரியில் தேய்மானம் போடலாம், அதுவும் தொழிலுக்கு ஓடுகிற அளவுக்கு. இதை ஆடிட்டரிடமே நேரில் கேட்டுவிடுங்கள். அப்புறம், பாதிப் பணத்தை ரொக்கமாகக் கேட்டால் கொடுக்க வேண்டாம். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது தடை செய்யப்பட்டது. அபராதம் பணத்தை வாங்கியவருக்குத்தான் என்றாலும், கொடுத்ததற்கு உங்கள் கையில் ஆதாரம் இருக்காது.

வண்டியைப் பார்க்கிற விதம்

போன வருஷம் பழைய சர்க்குலர் நிட்டிங் மெஷின் ஒன்று வாங்கினீர்கள் என்று கடிதத்தில் இருக்கிறது. அதற்கு ஃபிட்டரைக் கூட்டிப்போய், சிலிண்டரைத் தடவிப் பார்த்து, நீடிலைக் கழற்றிப் பார்த்து, பத்து மீட்டர் துணி ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுத்திருக்க மாட்டீர்கள். இந்த வண்டியை நீங்கள் பார்த்தது போனில் வந்த வீடியோவில்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள எந்த வண்டியானாலும், முதல் நாள் சாயங்காலம் சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, நான்கு சக்கரத்துக்கும் மேலே மட்கார்டு விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் பிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, யாரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் திரும்ப அளங்கள். ஒரு மூலை மட்டும் இரண்டு விரல் இறங்கியிருந்தால் அந்தப் பெல்லோ கசிகிறது. அதே கையோடு குளிர்ந்த இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சத்தம் மறைந்துவிடும்.

சீட் பெல்ட்டை அது நிற்கும் வரை முழுசாக இழுத்துப் பாருங்கள். 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு விலைக்கு வந்த ஒரு வண்டியைப் பார்க்க நண்பர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். உள்ளே எல்லாம் பாலிஷ் போட்டு மின்னியது. டிரைவர் பெல்ட்டைக் கடைசி முழம் வரை இழுத்தபோது காவி நிறத்தில் ஒரு கோடு, அதற்குக் கீழே வண்டல் காய்ந்த வாடை. அத்தனை சுத்தம் செய்தவர்கள் அந்த முழத்தை இழுத்துப் பார்க்கவில்லை.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். எர்ரர் இருக்கிறதா என்பதோடு, எர்ரரை அழித்து எத்தனை கிலோமீட்டர் ஆகிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். நேற்று அழித்திருந்தால் ஏன் அழித்தார்கள் என்று கேட்க வேண்டும். மீட்டரில் 78,000 என்றால், கம்பெனி சர்வீஸ் சென்டர் பதிவில் கடைசியாக எத்தனை இருந்தது என்று சேஸிஸ் நம்பரை வைத்து விசாரியுங்கள்.

தோட்டத்துக்கு ஃபோர் வீல் தேவையா

காங்கேயத்தில் உங்கள் தோப்புக்குப் போகும் பாதை செம்மண் இட்டேரி என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய ரிம்மில் பக்கச் சுவர் குறைந்த டயர் போட்ட வண்டி அந்தக் கல்லுக்கும் வேலமுள்ளுக்கும் பொருந்தாது. தாளவாடிக்கு ஏறும் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவும் தார் ரோடு, அங்கே வேண்டியது நல்ல பிரேக். இந்த மாடலில் எல்லா வண்டிக்கும், சேற்றிலும் செங்குத்து ஏற்றத்திலும் மெதுவாக இழுக்க உதவும் லோ ரேஞ்ச் கியர் கிடையாது என்பதையும் கவனியுங்கள், ஒற்றை ஸ்பீடு டிரான்ஸ்ஃபர் கேஸோடும் விற்றார்கள். மேலே தாளவாடியில் நின்றுவிட்டால், கயிறு கட்டி இழுத்து வரவும் முடியாது, பிளாட்பெட் லாரி சத்தியமங்கலத்திலிருந்து ஏறி வர வேண்டும்.

என் அபிப்பிராயம் இது. இந்த டெல்லி வண்டி வேண்டாம். 10 வயதை ஒட்டிய வண்டிக்குப் பெரும்பாலான வங்கிகள் கடன் தருவதில்லை, தனியார் பைனான்ஸ் வட்டியில் 16 லட்சம் வாங்கித்தான் இதை எடுக்க வேண்டியிருக்கும். அந்தத் தவணையோடு ஒரு கம்ப்ரஸர் பில்லும் சேர்ந்து வரும் மாதத்தில் உங்கள் யூனிட்டில் ஆர்டர் இருக்குமா என்று நீங்கள் சொல்ல முடியாது.

தோட்டமும் மலையும்தான் காரணம் என்றால், தமிழ்நாட்டுப் பதிவில் ஃபார்ச்சூனர் 2.8 ஃபோர் வீல் டிரைவ், ஒரே ஓனர், சர்வீஸ் பில் முழுசாக இருப்பது, தேடினால் 28 லட்சத்துக்குள் கிடைக்கும். கோபி, தாராபுரம் வரைக்கும் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். விற்கும்போதும் விலை நிற்கும். லேண்ட் க்ரூஸர் பிராடோ கிடைத்தால் வண்டி உழைக்கும், ஆனால் அதுவும் இறக்குமதி, பாகத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

இல்லை, ரேஞ்ச் ரோவர்தான் மனசில் நிற்கிறது என்றால் இரண்டு வருஷம் தள்ளிப் போடுங்கள். கடன் வாங்காமல், தமிழ்நாட்டுப் பதிவில், எல்லா சர்வீஸ் பில்லும் உள்ள வண்டியாகப் பாருங்கள். வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருஷ ரிப்பேருக்கென்று தனியாக டெபாசிட்டில் போட்டுவிட்டு எடுங்கள். அந்தப் பணம் இல்லாமல் எடுக்காதீர்கள். அப்படி எடுத்து, நிம்மதியாக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வண்டியில் நீங்களும் ஏற வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

கொடுத்த 50,000 ரூபாய்க்கு இன்றைக்கே கன்சல்டிங்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள்: முதல் ஷோரூம் பில், என்.ஓ.சி., சர்வீஸ் பதிவு, பெல்ட் மாற்றிய பில் இவற்றை ஒரு வாரத்தில் காட்டுங்கள், இல்லையென்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள் என்று. யு.பி.ஐ.யில் அனுப்பியிருக்கிறீர்கள், ஆதாரம் இருக்கிறது. மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. ஒருவேளை அந்தப் பணம் வராமலே போனாலும், அதை மீட்பதற்காக மீதி இருபத்தேழரை லட்சத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்த வண்டியைப் பார்க்கப் போகும்போது உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடிதத்தில் இருக்கும் கேள்விகளிலேயே சரியானது அவர் கேட்டதுதான்.